எல்லாம் கிளீட்டஸ் பெயரில்

படம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் சாம்பல் கட்டம்தான் இருந்தது. டெல்பின் பக்கத்தைப் புதுப்பித்தாள், கட்டம் ஒரு கணம் மறைந்தது, வந்துவிட்டது என்று நெஞ்சு எழும்புவதற்குள் அதே இடத்தில் அதே சாம்பலாக வந்து உட்கார்ந்துகொண்டது, தனியாகத் திறந்து பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒற்றை வரி, இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. யாருக்கு அனுமதி இல்லை, கீழே மாதா கோயில் பங்கு மண்டபத்தில் சுவரோரமாகக் கால் நீட்டியும் குத்துக்காலிட்டும் புயலடித்த நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிற இத்தனை பெண்களுக்கா, இவர்கள் பார்க்காமல் வேறு யார் பார்க்க. மாடி அறையின் ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள், ஆனாலும் லேப்டாப் திரையின் பளபளப்பில் அதன் நீலக் கீற்று ஒன்று விழுந்துகொண்டே இருந்தது, நானா, நான் என்ன செய்தேன் என்கிற மாதிரி. ஊரிலிருந்து போன படகுகளில் பாதிகூடத் திரும்பவில்லை. சிலர் தீவுகளில் ஒதுங்கியிருக்கிறார்கள், சிலரைக் கப்பல்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய் வடக்கே எங்கெங்கோ துறைமுகங்களில் இறக்கியிருக்கிறார்கள், இறங்கியவர்களிடம் போன் இல்லை, போன் கடலில் போயிற்று, போனோடு நம்பரும் போயிற்று, இந்தக் காலத்தில் பெண்டாட்டி நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறவன் எவன். முதல் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. எந்த வருசத்துப் படமோ, யாரோ அனுப்பியது, அதில் தன் மகன் நிற்கிறான் என்று கீழத்தெருவில் ஒருத்தி மாதாவுக்கு மாலை வாங்கிப் போட்டுவிட்டாள், மறுநாள் அது பழைய படம் என்று தெரிந்தபோது அந்த மாலையை யார் கழற்றுவது என்று தெரியாமல் ஊரே நின்றது. அதற்குப் பிறகுதான் பங்குச் சாமியார் மைக்கில் சொன்னார், இனிமேல் ஊர் வலைத்தளத்தில் வருகிற படத்தை மட்டும் நம்புங்கள், நம் பையன்கள் நேரில் பார்த்து எடுத்துப் போடுவார்கள். அந்த வலைத்தளம் கிளீட்டஸ் போட்டது. காற்று நிலவரம், மீன் வரத்து, கல்யாண ஓலை, ஞானஸ்நானம் எல்லாம் அதில்தான். கிளீட்டஸ் அவளுடைய தம்பி. கிளீட்டஸ் கடலில்.

கடலில் என்றுதான் நினைக்க வேண்டும், வேறு சொல் வந்தால் அதைப் பல்லைக் கடித்து உள்ளே தள்ள வேண்டும். நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் டெல்பினுக்கு வேலை, அங்கே அவள் செய்கிறது பெரும்பாலும் போன் எடுப்பதுதான், பக்கம் வரவில்லை, லோகோ பெரிதாகத் தெரிகிறது, சரி சார், பார்க்கிறோம் சார். சர்வருக்குள் கை விடுகிறவர்கள் வேறு. கிளீட்டஸ்தான் அதையெல்லாம் படித்தவன், சென்னையில் ஏசி அறையில் கொஞ்ச காலம் இருந்தான், பிறகு ஒருநாள் பையோடு வந்து நின்று எனக்கு அங்க மூச்சு முட்டுதுக்கா என்றான், அடுத்த வாரம் 'விண்ணக அரசி' படகில் ஏறிவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை. அம்மை அன்றைக்கு மீன் கழுவினாள், கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவினாள். இந்தத் தடவை போவதற்கு முன் அவன் போனில் கூப்பிட்டான், பின்னால் எஞ்சின் சத்தம், "அக்கா, சர்வர் பாஸ்வேர்ட் உனக்கும் தெரிஞ்சிருக்கட்டு. உனக்கப் பேரத் தலைகீழாப் போட்டிருக்கேன். ஒரு பயலும் கண்டுபிடிக்க மாட்டான்." எதற்கு இப்போது என்று அவள் கேட்டாளா? கேட்கவில்லை. ஆபீசில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது, சரி சரி என்றாள், பார்த்துப் போ என்று சொன்னாளா, சொல்லியிருப்பாள், எப்போதும் சொல்கிறதுதானே, ஆனால் அந்தக் குரலைத் தேடிப் போனால் எஞ்சின் சத்தம்தான் கேட்கிறது. காலையில் ஸ்டெபின் பேசினான். இந்த ஊர்ப் பையன், வடக்கே ரத்னகிரி பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறான், கப்பல் ஒன்று அங்கே ஆட்களை இறக்கியிருக்கிறது, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். "நம்ம ஆளுவளும் இருக்காவ அக்கா. கொஞ்சப் பேரு பேசுத நெலையில இல்ல. எல்லாத்தையும் படம் புடிச்சி சைட்டுல ஏத்திட்டேன். சார்ஜ் இல்ல, வைக்கேன்." வைத்துவிட்டான். யார் யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடக்கிறது, படங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டன, சேர்ந்தும் யாருக்கும் தெரியாமல் சாம்பல் கட்டங்களாக நிற்கின்றன.

அவள் கறுப்புத் திரையில் ஃபோல்டரின் பட்டியலை மறுபடி வரவழைத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி, வரியின் தொடக்கத்தில் யார் படிக்கலாம் யார் மாற்றலாம் என்று சொல்கிற சின்ன எழுத்துகளும் கோடுகளும், அப்புறம் அது யாருடையது என்று ஒரு பெயர். கிளீட்டஸ். அடுத்த வரி, கிளீட்டஸ். அதற்கடுத்தது, கிளீட்டஸ், கிளீட்டஸ், கிளீட்டஸ், திரையின் மேலிருந்து கீழ் வரை, சின்ன வயதில் தப்புச் செய்ததற்காக டீச்சர் எழுதச் சொன்ன இம்போசிஷன் மாதிரி. ஸ்டெபின் ஏற்றிய படம் ஏன் இவன் பெயரில் இருக்கிறது? அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதுமில்லை, மற்றவர்களுக்கும் படிக்கத் திறந்துவிட்டால் போதும், இது அவன் அவளுக்குச் சொல்லித் தந்ததுதான், ஒரு ஈஸ்டர் லீவில், வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு. "ஏலக்களத்துல மீன் கெடக்குல்லா, அதப் பாக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. தொட்டுப் பொரட்டிப் பாக்க ஏலம் கேக்குதவனுக்கு மட்டுந்தான். வெட்டிக் கூறு போட உடமைக்காரன் ஒருத்தன்தான். ஃபைலும் அப்பிடித்தான்." அவள் சிரித்தாள், இதற்கா ஊர் விட்டு ஊர் போய்ப் படித்தாய் என்று கேட்டாள். இப்போது விரல்கள் அந்தக் கட்டளையைத் தயங்கித் தயங்கி அடித்தன, படங்களைப் படிக்க எல்லாருக்கும் அனுமதி, என்டர். வரிகளின் முன்னால் இருந்த கோடுகள் எழுத்துகளாக மாறின. பக்கத்தைப் புதுப்பித்தாள். சாம்பல். இல்லை, ஒருவேளை பழைய பக்கத்தையே காட்டுகிறதோ என்று இன்னொரு உலாவியில் திறந்தாள். சாம்பல். கீழே மண்டபத்தில் எல்லாரும் பார்க்க இதே பக்கத்தைப் போட்டிருக்கிற பெரிய திரையிலும் அதே சாம்பல்தான் இருக்கும், ஜெனரேட்டர் அதற்காகத்தான் டீசல் குடித்துக்கொண்டிருக்கிறது, சாம்பல் கட்டங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு. மறுபடி அடித்தாள். கட்டளை ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, தப்பு என்று திட்டினாலாவது எதைத் திருத்துவது என்று தெரியும், இது ஏற்றுக்கொள்கிறது, ஏற்றுக்கொண்டு ஒன்றும் செய்வதில்லை, ஜெபம் மாதிரி. சே, என்ன நினைப்பு. கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துத் திறந்துபோட்டுவிடலாம், ஏழு ஏழு ஏழு, ஆபீசில் அவசரத்தில் அதைத்தான் செய்வார்கள், பிறகு எவனாவது உள்ளே புகுந்து நாசம் பண்ணும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். போன வருசம் இந்த வலைத்தளத்திலேயே அது நடந்தது. திருவிழாப் படம் இருந்த இடத்தில் எவனோ கேவலமான படம் ஒன்றைப் போட்டுவிட்டான், கொடியேற்றத்தன்று, சாமியாரின் கையிலிருந்த போனிலேயே அது வந்து நின்றது. கிளீட்டஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாளோ, பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் கால் ஆடுவது திரும்ப வந்தது, அன்றைக்கு அவள் அடுத்ததாக ஏதோ கேட்டாள், ஆமாம், ஃபோல்டர் என்றால் என்ன கணக்கு என்று கேட்டாள், அதற்கு அவன், "அது களத்துக்க கேட்டுல்லா. கேட்டு பூட்டிக் கெடந்தா உள்ள மீனு தெறந்து கெடந்து என்ன பிரயோசனம்?" கேட். கேட்! படங்களைத் திறந்தாள், படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறக்கவில்லை. அடித்தாள். ஃபோல்டருக்குள் நுழைய எல்லாருக்கும் அனுமதி. புதுப்பித்தாள், முதல் கட்டம் சாம்பலிலிருந்து மேலிருந்து கீழாகக் கரைந்தது, ஒரு ஓட்டுக்கூரை, ஒரு கரும்பலகையின் விளிம்பு, அதற்குள் கீழே மண்டபத்திலிருந்து ஒரு சத்தம் எழும்பி மாடிப்படி வழியாக மேலே வந்து அடித்தது, அவள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். ஏன் மூடினாள்? தெரியவில்லை. கை மூடிவிட்டது. கீழே ஓடுகிற காலடிகள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பிறகு அந்தச் சத்தம் மொத்தமாக, காற்றுப் போன பலூன் மாதிரி இறங்கியது. "போச்சே, போயிட்டே" என்று ஒரு குரல். மூடியைத் திறந்தாள். சாம்பல். எல்லாக் கட்டங்களும் சாம்பல். பட்டியலை வரவழைத்தால் அவள் திறந்துவிட்ட எழுத்துகள் எல்லாம் மறுபடி கோடுகளாகிக் கிடந்தன, யாரோ பின்னாலேயே வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போனது போல.

திறந்தாள். கீழே சத்தம். சாத்திக்கொண்டது. திறந்தாள். இந்தத் தடவை கீழே சத்தம் வரவில்லை, அவர்கள் நம்பத் தயாராக இல்லை, யாரோ விசும்புவது மட்டும் கேட்டது, சாத்திக்கொண்டது. யார் சாத்துகிறார்கள், இந்தச் சர்வருக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை, கிளீட்டஸ் கணக்கிலிருந்து கடைசியாக யார் நுழைந்தது என்று பார்த்தாள், அவன் கடலுக்குப் போவதற்கு முந்தின மாலை, அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வரிகள் அவன் பெயரிலேயே மறுபடி பூட்டிக்கொள்கின்றன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன்தான் எங்கிருந்தோ இதைச் செய்கிறான் என்று தோன்றியது, எங்கோ ஒரு துறைமுகத்தில் யாருடைய கம்ப்யூட்டரிலோ உட்கார்ந்துகொண்டு, அக்கா, தொடாத, நான் பாத்துக்கேன் என்று. உடம்பு முழுக்க அந்தச் சந்தோசம் சூடாக ஓடியது. அப்படி இல்லை என்று தெரிந்த பிறகும் சூடு தணிய நேரமாயிற்று. அந்தச் சூட்டோடு சூடாகத்தான் இன்னொரு நினைப்பும் வந்தது, காலையிலிருந்தே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த நினைப்பு. இப்போது அவள் இருப்பது ரூட் கணக்கில். எந்தப் பூட்டும் இந்தக் கணக்குக்குப் பூட்டு இல்லை. அனுமதி இல்லை என்பது பக்கத்தைக் காட்டுகிற நிரலுக்குத்தான், அவளுக்கு இல்லை. அவள் நினைத்தால் இந்த நிமிசமே ஒவ்வொரு படத்தையும் தன் லேப்டாப்புக்கு இழுத்துத் திறந்து பார்த்துவிடலாம், ஒரு பென்டிரைவில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் காட்டிவிடலாம். காலையிலேயே செய்திருக்கலாம். மற்ற ஊர்க்காரர்களும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பக்கத்தைச் சரி பண்ணுவதுதான் முறை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், அது உண்மைதான், ஆனால் உண்மையாக இருப்பதனால் மட்டும் அவள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. படம் திறக்காத வரை அவன் எல்லாப் படத்திலும் இருக்கிறான். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறான், ஓரத்தில் கஞ்சி குடிக்கிறான், பின்வரிசையில் தூங்குகிறான். திறந்தால் ஒரு படத்தில் இருப்பான், அல்லது.

"மயினி." லிட்வின் படியேறி வந்ததே கேட்கவில்லை. கிளீட்டஸின் மனைவி, கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை, கையில் சில்வர் டம்ளரில் சாயா, அதன் மேல் ஆடை படிந்திருந்தது, படியிலேயே நின்று யோசித்திருக்கிறாள். கண் வீங்கி முகம் சின்னதாகிவிட்டிருந்தது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவள் போகவில்லை. கறுப்புத் திரையில் தன் மாப்பிள்ளையின் பெயர் மேலிருந்து கீழ் வரை ஓடுவதைப் பார்த்தாள், அதை விரலால் தொடப் போனவள் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "எல்லாம் அவியளுக்கப் பேரா இருக்கு." "ஆமா பிள்ளே. அவன் செஞ்சதுல்லா, அதனால." "மயினி, எனக்கு இதெல்லாம் தெரியாது. கீழ ஒரு பய சொல்லுதான், படம் மெசினுக்குள்ளதான் இருக்கு, டெல்பினக்காவுக்கு வேணும்னா பாக்க முடியும்ணு. முடியுமா?" டெல்பின் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தாள், அது சில்லிட்டுப் போயிருந்தது, அந்த ஒரு வாயை விழுங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவளிடம் இருந்தது. "முடியாது" என்றாள். அவ்வளவு சுலபமாக வந்தது. லிட்வின் தலையை ஆட்டினாள், அவளுக்கும் அது ஆறுதலாக இருந்ததோ என்னவோ, தோள்கள் கொஞ்சம் இறங்கின. "சரியாவுமா?" "ஆவும்." "எப்பம்?" "இப்பம் ஆயிரும், நீ கீழ போ." லிட்வின் படி இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, கடைசிப் படியில் நின்றது, பிறகு கேட்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதை உண்மையாக்க முடியுமா என்று பார்ப்பது மாதிரி டெல்பின் விசைகளை வேகமாக அடிக்க ஆரம்பித்தாள்.

யாரும் இல்லாமல் கதவு சாத்திக்கொள்ளாது. ஆள் இல்லை என்றால் ஆள் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்று. இதுவும் அவன் பேச்சுத்தான், கம்ப்யூட்டர் தானா ஒரு மண்ணும் செய்யாதுக்கா, எவனோ ஒருத்தன் செய்யச் சொல்லிட்டுப் போயிருப்பான். நேரம் தவறாமல் தானாக ஓடுகிற வேலைகளின் பட்டியல் எங்கே இருக்கும், தேடினாள், தப்பான இடம், மறுபடி தேடினாள், இணையத்தில் எவனோ முகம் தெரியாதவன் எப்போதோ எழுதிப்போட்ட பதிலைப் படித்தாள், அவனுக்கும் இதே கஷ்டம் வந்திருக்கிறது, அவனுக்குத் தீர்ந்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கிடைத்தது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், சில நிமிசத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குள் எது வந்து விழுந்தாலும் அதைக் கிளீட்டஸ் பெயருக்கு மாற்றிப் பூட்டிவிடுகிறது. போன வருசத் திருவிழாவுக்குப் பிறகு எழுதியது, மேலேயே அவன் எழுதி வைத்திருந்தான், தமிழை இங்கிலீஷ் எழுத்தில், நான் பார்த்து விடுவதுதான் வெளியே போகும், வேறெவனும் கை வைக்கக் கூடாது. அவன் பார்த்து, அவன் கையால் சரி என்று குறித்ததை மட்டும்தான் அது பூட்டாமல் விடும். அவன் இல்லாதபோது என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. யாராவது யோசிப்பார்களா? சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, நாளைக்கு இதை நிமிர்த்த ஆள் இருக்குமா என்று யோசித்துக்கொண்டா கவிழ்க்கிறோம்? அவன் ஊரைக் காப்பாற்றத்தான் பூட்டினான், பூட்டு நல்ல பூட்டு, அதுதான் பிரச்சினை, தம்பி செய்த எதுவும் அரைகுறையாக இருக்காது. அந்த வரியை அழிக்க வேண்டும். விரல் அழிக்கிற விசைக்குப் போனது, நின்றது. அழிக்க வேண்டாம், வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் போதும், வரி அங்கேயே இருக்கும், ஓடாது. குறியைப் போட்டாள். சேமித்தாள். கடைசியாக ஒருமுறை கேட்டைத் திறந்தாள், படங்களைத் திறந்தாள். யாருடையது என்கிற இடத்தில் அவன் பெயரை அவள் தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு லேப்டாப்பை மூடாமல், ஆனால் திரையைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். காலையிலிருந்து பார்க்கக் கூடாது என்றிருந்ததை. பெரிய விசயம் ஒன்றும் இல்லை. தண்ணீர்.

கீழே மெதுவாகத்தான் தொடங்கியது. முதலில் யாரும் நம்பவில்லை, மறையும் என்று காத்திருந்தார்கள், மறையவில்லை, பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், "அப்பா, எங்கப்பா, அம்மா, அந்நா அப்பா." அவ்வளவுதான், மண்டபம் உடைந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத இரைச்சல், நாற்காலி விழுகிற சத்தம், யாரோ மைக்கைத் தட்டி, பனியடிமை, பனியடிமை உயிரோட இருக்கான் என்றார்கள், மாதாவே என்று கத்தினார்கள். பனியடிமை அண்ணன் 'விண்ணக அரசி'யில் போனவர். கிளீட்டஸ் போன படகு. அப்படியென்றால் படகு ஆட்கள் வந்துவிட்டார்கள், ஒருவர் வந்தால் எல்லோரும் வந்தார்கள் என்றுதானே அர்த்தம், ஒரே படகுதானே, திரும்பு, திரையைப் பார், திரும்பமாட்டேன் என்கிறது கழுத்து. படியில் ஓடி வருகிற காலடி. லிட்வின், மூச்சு வாங்க, வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு, அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். "மயினி, பனியடிமை அண்ணன் போட்டிருக்க சட்ட அவியளுக்கது." திரையில் படம் இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஆட்கள், வெயிலில் உதடு வெடித்து, கண்ணில் ஒன்றும் இல்லாமல். நடுவில் பனியடிமை அண்ணன், பாதி ஆளாகிப் போயிருந்தார். நீலக்கட்டம் போட்ட சட்டை, அப்படியும் அவருக்கு அது இறுக்கமாக இருந்தது, மேல் பொத்தான் போடாமல். "பாக்கெட்டு கிழிஞ்சிதுண்ணு நான்தான் பிரிச்சித் தச்சேன். கறுத்த நூலு இல்லாம பச்ச நூலு வச்சித் தச்சேன். பாருங்க. பச்ச தெரியுதா?" டெல்பின் படத்தைப் பெரிதாக்கினாள். பச்சை தெரிந்தது. மற்ற படங்களைத் திறந்தாள், இப்போது கை வேகமாகப் போயிற்று, அடுத்தது, அடுத்தது, ஒவ்வொரு முகமாக, தெரிந்த முகம், தெரியாத முகம், போர்வைக்குள் பாதி முகம், இருவரும் பார்த்தார்கள். முடிந்ததும் லிட்வின், "இன்னொருக்கப் பாப்பம்" என்றாள். இன்னொரு முறை பார்த்தார்கள்.

ஸ்டெபின் போன் இந்தத் தடவை அடித்தது. "அக்கா, படம் வந்திட்டாக்கா? நான் இங்க ஒருத்தன்கிட்ட சார்ஜர் வாங்கி." "லே, பனியடிமை அண்ணன் எங்க?" "இந்நா நிக்காரு. அக்கா, ஒரு காரியம், நான் சொல்லணும்ணு." "அவருகிட்டக் குடு." காற்று இரைகிற சத்தம், போன் கைமாறுகிற சத்தம், பிறகு ஒரு இருமல். "டெல்பினா மக்களே." கீழே அவர் பெயரைச் சொல்லிப் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார்கள், அவருக்கு அது கேட்டிருக்கும். "நான் என்னண்ணு சொல்லுவேன். படகு கவுந்து போச்சி. மத்தவனுவள நான் பாக்கேல. நாங்க ரெண்டு பேரும் ஐஸ்பெட்டிக்க மூடியப் புடிச்சிட்டுக் கெடந்தோம். எனக்கு வெறயலு நிக்கேல மக்களே. அவன் சட்டயக் கழத்தி எனக்க மேல போட்டான். வேண்டாம்லேண்ணேன், கேக்கேல. எதையாவது பேசிட்டே கெடந்தான், நான் ஒறங்கிரப்பிடாதுண்ணு. பொறவு ஒரு அல வந்துது. பொறவு நான் கூப்பிட்டேன். தொண்ட போறது மட்டும் கூப்பிட்டேன்." அவர் அழவில்லை. கணக்குச் சொல்கிறவர் மாதிரி, எங்கேயோ தப்பு வந்துவிட்டது, அது எந்த இடம் என்று தெரியவில்லை என்கிற மாதிரி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், படகு கவுந்து போச்சி.

"என்ன சொல்லுதாரு?" லிட்வின் கேட்டாள். அவள் டெல்பினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், போனைக் கேட்கவில்லை. முடியாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன் அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாய் இப்போது சொல் தேடியது. அலை வந்தது என்று சொல்லலாம், தேடுகிறார்கள் என்று சொல்லலாம், இன்னொரு கப்பல் வரலாம், வரும், எத்தனையோ பேர், "சட்டய அவன்தான் கழத்திக் குடுத்தானாம் பிள்ளே. அவருக்குக் குளிருச்சாம்" என்றாள். "அவிய?" டெல்பின் தலையை அசைத்தாள். அசைத்தாளா, தானாக அசைந்ததா, லிட்வினுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்குக் கீழே சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள், கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி. டெல்பினும் அவள் பக்கத்தில் தரையில் இறங்கினாள். போனில் பனியடிமை அண்ணன் மறுபடி ஐஸ்பெட்டி மூடிக்கு வந்திருந்தார். டெல்பினால் அதை வைக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. லிட்வின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன. "வச்சிராதீங்க மயினி. ஒரு காரியம் சொல்லணும்." "என்ன பிள்ளே?" "அவருக்கு வேற சட்ட எதாவது குடுக்கச் சொல்லுங்க. அதக் கழுவாம எடுத்து வைக்கச் சொல்லுங்க." டெல்பின் போனை வாயருகே கொண்டுபோனாள். "அண்ணே, லிட்வின் சொல்லுதா, அந்தச் சட்ட" என்று தொடங்கினாள். ஆனால் அவருக்கு லிட்வின் பேசியதே கேட்டுவிட்டிருந்தது. "இந்நா மக்களே" என்றார் பனியடிமை அண்ணன், "இப்பமே கழத்துதேன்." போனை எங்கேயோ வைத்துவிட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார் போலிருந்தது. அவர் திரும்ப எடுக்கும்வரை இருவரும் அந்தச் சத்தமில்லாத போனைக் காதோடு காதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.